சூடானா நிக்குது, ஆறினா ஓடுது: எல்லாத்துக்கும் கார்பரேட்டர் தானா?

4 ஜனவரி – கேள்வி

பழைய ரெண்டு ஸ்ட்ரோக் 250 சிங்கிள், ஆறு வோல்ட், பாயிண்ட் செட் (பொறிக்காக கரண்டை விட்டு விட்டு அறுக்கிற சுவிட்ச்). ரொம்ப வருஷம் ஷெட்ல நின்ன வண்டி. காலைல ரெண்டு கிக்ல எடுத்துடுது. பத்து கிலோமீட்டர் போனா இழுவை குறையுது, டப் டப்னு அடிச்சிட்டு நின்னுடுது. அரை மணி ஆறப்போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. எல்லாரும் கார்ப் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்பரேட்டர்) தான்னு சொல்றாங்க. நாலு தடவை கழட்டிக் கழுவியாச்சு, பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டையான ஜெட் புதுசு, மிதவை புதுசு. இனிமே கார்பரேட்டரையே மாத்திடலாம்னு இருக்கேன். பழைய வண்டியில பத்துக்கு ஒன்பது கோளாறு கார்ப் தானே?

4 ஜனவரி, ராத்திரி

வாங்காதீங்க தம்பி. கொஞ்சம் பொறுங்க.

ஜெட்ல அடைப்புன்னா அது காலைலயும் அடைப்பு தான், சாயங்காலமும் அடைப்பு தான். சூடானா அடைச்சு ஆறினா திறக்கிற ஜெட்டை நான் பார்த்ததில்ல. சூட்டுக்குத் தகுந்த மாதிரி குணம் மாறுற சாமான் வண்டியில வேற இருக்கு: கண்டென்சர், பொறிக்கு வோல்டேஜை ஏத்துற இக்னிஷன் காயில், டேங்க் மூடி, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. இதுல எதுன்னு தெரியணும்னா வண்டி நின்ன இடத்துலயே, நின்ன அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள பார்க்கணும். வீட்டுக்குத் தள்ளிட்டு வந்து, ஆற வச்சு, அப்புறம் கழட்டினா சாட்சி எல்லாம் ஓடிப்போயிடும். நாலு தடவையும் நீங்க கழட்டினது ஆறின வண்டியை, அதாவது நல்லா ஓடுற வண்டியை. அதுல என்ன கிடைக்கும்?

அடுத்த தடவை போகும்போது ப்ளக் ஸ்பேனரும் ஒரு நல்ல ப்ளக்கும் பாக்கெட்ல போட்டுக்கங்க. நின்னதும் முதல்ல டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுனு காத்து உள்ள இழுத்துச்சுன்னா மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைஞ்சிருக்கு, பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குள்ள வெற்றிடம், கீழ சொட்டு வராது. அது ஆறறதுக்காக நிக்கல, காத்து மெல்ல உள்ள நுழையறதுக்காக நிக்குது, நமக்குத்தான் ஆறினதும் ஓடுற மாதிரி தெரியும். சத்தம் இல்லன்னா ப்ளக்கைக் கழட்டுங்க. ஈரமா இருக்கா காய்ஞ்சிருக்கா? காய்ஞ்சிருந்தா பெட்ரோல் பக்கம், ஈரமா இருந்தா கரண்ட் பக்கம். அவ்வளவு தான் முதல் கேள்வி.

5 ஜனவரி

மேலே சொன்னதுல ஒரு வால். ப்ளக்கை ஹெட் மேல வச்சு கிக் அடிச்சுப் பார்த்து "கரண்ட் நல்லா வருது"னு முடிவு பண்ணிடாதீங்க. வெளிக்காத்துல பொறி தாண்டறது சுலபம். உள்ள கம்ப்ரஷன்ல அதே இடைவெளியைத் தாண்ட பல மடங்கு வோல்டேஜ் வேணும். வெளிய பொறி, உள்ள பூஜ்யம்ங்கிறது தினசரி நடக்கிற விஷயம். ஒரு பழைய ப்ளக்கோட பக்கவாட்டுக் கம்பியை நல்லா மடக்கி அஞ்சாறு மிமீ இடைவெளி வச்சுக்கங்க. அதைத் தாண்டி, நிழல்லயாவது கண்ணுக்குத் தெளிவா நீலமா, சட்சட்னு சத்தத்தோட வந்தா நம்பலாம். மஞ்சளா, நூல் மாதிரி வந்தா நம்பாதீங்க.

5 ஜனவரி, மதியம்

ஒருத்தர் கேட்டிருக்கார், "எதுக்கு இவ்வளவு சோதனை, ப்ளக், பாயிண்ட், கண்டென்சர், காயில் எல்லாத்தையும் ஒரே நாள்ல புதுசு போட்டா முடிஞ்சுது". போடலாம். ஓடவும் ஓடும். எது கெட்டுதுன்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியாது. புதுசுல ஒண்ணு கெட்டதா இருந்தா இன்னும் மோசம், அதைத் தவிர எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்க, ஏன்னா அது "புதுசு தானே". ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தறது மெதுவா போற வழி மாதிரி தெரியும், ஆனா அதுல தான் சீக்கிரம் வீடு வந்து சேரலாம்.

9 ஜனவரி

தம்பி எழுதியிருக்கார்: நின்ன இடத்துல மூடி திறந்தா சத்தம் இல்ல, ப்ளக் ஈரம், பொறி மஞ்சளா வருது, பாயிண்ட்டுக்கு நடுவுல மட்டும் நல்லா பளிச்சுனு அடிக்குது. ஆறினதும் அதே ப்ளக்ல நீலம்.

போதும். கண்டென்சர்.

பாயிண்ட் திறக்கிற நொடியில காயிலோட முதல் சுத்துல ஓடுற கரண்ட் டக்குனு அறுந்து போகணும், அப்பத்தான் ரெண்டாவது சுத்துல ஆயிரக்கணக்குல வோல்டேஜ் கிளம்பும். கண்டென்சர் இல்லன்னா அந்தக் கரண்ட் அறுபடாம பாயிண்ட் இடைவெளியையே தாண்டி ஓடும், ப்ளக்குக்குப் போக வேண்டிய சக்தி அங்கயே பொறியா கரிஞ்சு போயிடும். அதான் பாயிண்ட்ல தீபாவளி, ப்ளக்ல அமாவாசை. பழைய கண்டென்சர் உள்ள காகிதமும் தகடும் சுருட்டினது. வருஷக்கணக்குல ஈரம் ஏறி, சூடானதும் உள்ளுக்குள்ள கசியும். ஆறினா மறுபடி யோக்கியன். மீட்டர்ல பார்த்தா 0.2 மைக்ரோஃபாரட் பக்கம் சரியா காட்டும், ஏன்னா மீட்டர் ஒன்பது வோல்ட் பேட்டரியில கேக்குது, வண்டி அதுகிட்ட இருநூறு முந்நூறு வோல்ட்ல கேக்குது.

இதுல ஒரு கண்ணி வேற இருக்கு. "பெட்டி பிரிக்காத ஒரிஜினல் பழைய ஸ்டாக்"னு பெருமையா விக்கிற கண்டென்சரும் அதே வயசு தான். அலமாரியில இருந்தாலும் காகிதம் ஈரம் குடிக்கும். நான் போடறது 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் தாங்குற ஃபிலிம் கெபாசிட்டர். எலக்ட்ரானிக் கடையில கிடைக்கிற சாதாரண சாமான். எஞ்சின் சூட்டுல வைக்காம காயில் பக்கத்துல கட்டிடுவேன், ஒரு காலை பாயிண்ட் வயர்லயும் இன்னொரு காலை எர்த்லயும். ஒரிஜினல் கண்டென்சரை அதோட இடத்துலயே விட்டு வயரை மட்டும் கழட்டிடலாம், பார்க்கிறவனுக்குத் தெரியாது.

கூடவே பாயிண்ட்டையும் பாருங்க. இத்தனை நாள் பொறி அடிச்சதுல ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு விழுந்திருக்கும். மெல்லிசு அரத்துல சமப்படுத்தி, கடைசில சுத்தமான தாளை நடுவுல விட்டு இழுத்துடுங்க. உப்புத்தாள் போட்டா துகள் மாட்டிக்கும். இடைவெளி உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது, பெரும்பாலும் 0.4 மிமீயை ஒட்டித்தான் இருக்கும். இடைவெளி வச்சுட்டு அப்புறம் தான் டைமிங், அதாவது பொறி எப்போ அடிக்கணும்ங்கிறது. இடைவெளி மாறினா டைமிங் மாறும், அதனால தலைகீழா பண்ணாதீங்க. சிகரெட் பேப்பரை பாயிண்ட்டுக்கு நடுவுல விட்டு மெதுவா இழுத்துக்கிட்டே கிராங்கைச் சுத்துங்க, பேப்பர் நழுவுற இடம் தான் திறக்கிற இடம். அந்த நேரம் பிஸ்டன் மேல்முனைக்கு எத்தனை மிமீ கீழ இருக்குன்னு டயல் கேஜ்ல பாருங்க. கேஜ் இல்லன்னா ப்ளக் ஓட்டையில ஆழம் அளக்கிற வெர்னியர் விட்டு அளந்தாலும் போதும், ஆனா ஓட்டை சாய்வா இருக்கிற ஹெட்ல அந்த அளவு பொய் சொல்லும்.

10 ஜனவரி

டைமிங் பேச்சு வந்ததால ஒண்ணு. கிராங்க் நுனியில சுத்துற மேக்னெட் வீலைப் பிடிச்சு நிறுத்துற அரைவட்டச் சாவி (சின்ன இரும்புத் துண்டு) வெட்டுப்பட்டு, வீல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கும் சில வண்டியில. மார்க் எல்லாம் அழகா நேரா நிக்கும், வண்டி மட்டும் உதைக்கும். என்கிட்ட வந்த ஒரு வண்டியில அந்தச் சாவிக்குப் பதிலா பழைய ஓனர் ஒரு ஆணியைத் தட்டி விட்டிருந்தார். ஆணி என்ன பாவம் பண்ணுச்சு, முடிஞ்ச வரைக்கும் தாங்கிச்சு.

11 ஜனவரி

ஸ்பேனர் பத்தி ஒருத்தர் கேட்டார், "பிரிட்டிஷ் காலத்து வண்டி, 13 உள்ள போகல, 14 வழுக்குது".

வழுக்கத்தான் செய்யும், அது மில்லிமீட்டரே இல்ல. விட்வொர்த்ங்கிற பழைய பிரிட்டிஷ் கணக்குல ஸ்பேனர் மேல போட்டிருக்கிற எண் நட்டோட அகலம் இல்ல, போல்ட்டோட தடிமன். கால் இஞ்ச் விட்வொர்த்னா நட்டு அகலம் 0.525 இஞ்ச், சுமார் 13.3 மிமீ. 13 ஏறாது, 14 முனையைத் தின்னுடும். மரையும் வேற: அது 55 டிகிரி, மெட்ரிக் 60. கையால ரெண்டு சுத்து போகும், மூணாவது சுத்து இறுகும், "கொஞ்சம் டைட்டா இருக்கு"னு அடுத்தவன் டாமி போட்டு முறுக்குவான், அலுமினிய கேஸ்ல மரை பொடிப்பொடியா வெளிய வரும். கைக்கு இறுகினா நிறுத்துங்க.

ஜப்பான் வண்டிக்காரங்களுக்கும் இதே தலைவலி இருக்கு, ஸ்க்ரூல. நாலு முனை ஸ்க்ரூ எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு சாதாரண ஸ்டார் டிரைவரைப் போட்டு தலையை வழிச்சுடறோம். ஜப்பான் ஸ்க்ரூவுக்கு வடிவம் கொஞ்சம் வேற, நிறைய ஸ்க்ரூ தலையில ஒரு சின்னப் புள்ளி இருக்கும் பாருங்க. அதுக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை வாங்கிடுங்க, சுத்தியல்ல அடிச்சுத் திருப்புற இம்பாக்ட் டிரைவர் ஒண்ணு வாங்கிடுங்க. சைடு கவர் கழட்டறது அதுக்கப்புறம் சண்டை இல்லாத வேலை.

15 ஜனவரி

தம்பி வண்டி இப்போ நிக்கலையாம். சந்தோஷம். ஆனா புதுசா ஒண்ணு: "சூடானதும் ஆக்ஸிலரேட்டரை விட்டா ரேஸ் இறங்க மாட்டேங்குது, கொஞ்ச நேரம் மேலயே நிக்குது. இது கார்ப் தானே?"

இந்த மனுஷனுக்கும் கார்பரேட்டருக்கும் ஏதோ பழைய பகை.

கேபிள் மாட்டுதா, கார்ப் உள்ள இருக்கிற ஸ்லைடு ஒழுங்கா கீழ விழுதான்னு மட்டும் பாருங்க. அது சரியா இருந்தா எங்கேயோ திருட்டுத்தனமா காத்து உள்ள போகுது. பெட்ரோல் அதே அளவு, காத்து அதிகம், அதான் ரேஸ் தொங்குது. நாலு ஸ்ட்ரோக்ல காத்து திருட பெரும்பாலும் கார்ப் ஜாயிண்ட் பக்கம் தான் இடம். ரெண்டு ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸே (பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற அறை) ஒரு பம்ப், அதனால கிராங்கோட ரெண்டு பக்க ஆயில் சீலும், கேஸ் நடு ஜாயிண்ட்டும், சிலிண்டர் அடி பேக்கிங்கும் எல்லாமே சந்தேகக் கேஸ். நல்லா சூடான நிலையில சோக்கைக் கொஞ்சம் இழுத்து ஓட்டிப் பாருங்க, அதுல இன்னும் சுகமா ஓடினா கலவை காய்ஞ்சு போயிருக்குன்னு அர்த்தம்.

இது கண்டுபிடிக்கிற வரைக்கும் வேகமா ஓட்டாதீங்க. காய்ஞ்ச கலவைன்னா சூடு, அதோட அந்தக் கலவையில தான் எஞ்சினுக்கு ஆயிலும் வருது. பிஸ்டன் பிடிச்சுக்கும்.

16 ஜனவரி

எப்படி சோதிக்கிறதுன்னு கேட்டீங்க. வீட்ல பழைய பிபி பார்க்கிற மெஷின் இருக்கா? கையால அமுக்குற ரப்பர் பந்து, முள் டயல். அதான் டெஸ்டர்.

டயல் 300 வரைக்கும் காட்டும், பாதரச மில்லிமீட்டர். 300ன்னா கிட்டத்தட்ட ஆறு பிஎஸ்ஐ. கிராங்க் கேஸ் சோதனைக்கு வேண்டியதும் அதே தான், கடவுளா பார்த்து வச்ச பொருத்தம். பழைய ப்ளக்கோட பீங்கானை உடைச்சு எடுத்துட்டு உள்ள ஒரு பித்தளைக் குழாயை ஈயம் வச்சு ஒட்டி, அதுல பிபி குழாயை மாட்டுங்க. கார்பைக் கழட்டி அந்த வாயை ரப்பர் ஷீட்டும் தகடும் வச்சு மூடுங்க. சைலன்சர் வாயையும் அப்படியே, ரெண்டு சைலன்சர் வண்டின்னா ரெண்டையும். பிஸ்டன் கீழ்முனையில இருக்கணும், அப்பத்தான் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து மேல விடற காத்து கிராங்க் கேஸுக்கும் போகும். 250, 300க்கு ஏத்தி வால்வை மூடிட்டு முள்ளைப் பாருங்க. நல்ல எஞ்சின்ல முள் பல நிமிஷம் அசையாத மாதிரி நிக்கும். கண்ணுக்கு முன்னாடி விழுந்தா சோப்பு நுரையைத் தடவுங்க, முதல்ல நீங்க மூடின இடங்கள்ல, ஏன்னா பாதி நேரம் கசியறது நம்ம ரப்பர் ஷீட் தான். அப்புறம் அடி பேக்கிங், கேஸ் ஜாயிண்ட், மேக்னெட்டைக் கழட்டிட்டு அந்தப் பக்க சீல். கிளட்ச் பக்கம் கசிஞ்சா வெளிய நுரை வராது, கியர் ஆயில் ஊத்துற ஓட்டையில குமிழி சத்தம் கேக்கும்.

16 ஜனவரி, ராத்திரி

ஒரு அண்ணன் "சைக்கிள் பம்ப் போதாதா"ன்னு எழுதியிருக்கார். வேணாம்ணே. பம்ப்ல ஒரு அடிக்கு எவ்வளவு ஏறுதுன்னு கட்டுப்பாடு இல்ல, கம்ப்ரஸர் சுத்தமா கூடாது. சீலை வெளிய தள்ளிட்டு "சீல் போயிருக்கு"னு கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும். பிபி பந்துல கொஞ்சம் கொஞ்சமா தான் ஏறும், டயலைப் பார்த்து 300ல நிறுத்திடலாம்.

அப்புறம், வீட்ல அப்பா அம்மாவுக்கு பிபி பார்க்கிற மெஷினையே எடுத்துட்டு போகாதீங்க. கேஸ்கெட் பசை ஒட்டின குழாயோட திரும்பி வந்தா அவங்க பிபி எகிறிடும்.

19 ஜனவரி

நடுவுல ஹெட்லைட் பேச்சு. "ஆறு வோல்ட் லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரியுது, பன்னிரண்டுக்கு மாத்திடவா?" மாத்தலாம், ஆனா முதல்ல இருக்கிற ஆறும் பல்பு வரைக்கும் போகுதான்னு பாருங்க. 35 வாட் பல்பு ஆறு வோல்ட்ல ஆறு ஆம்ப் பக்கம் இழுக்கும், பன்னிரண்டுல அதுல பாதி. துரு பிடிச்ச ஜாயிண்ட்ல வெறும் 0.1 ஓம் இருந்தா ஆறுல அரை வோல்ட்டுக்கு மேல காலி, கிட்டத்தட்ட பத்து சதவீதம். பல்போட வெளிச்சம் வோல்டேஜ் குறையிற வேகத்துல குறையாது, அதை விட ரொம்ப வேகமா விழும், பத்து சதவீதம் வோல்டேஜ் போனா முப்பது சதவீதம் வெளிச்சம் போயிடும். லைட்டைப் போட்டுட்டு மீட்டரோட ஒரு முனையை பேட்டரி எர்த் முனையிலயும் இன்னொண்ணை ஹெட்லைட் டூம்லயும் வைங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் வயர் சரியில்ல. பெயிண்ட் அடிச்ச ஃப்ரேம்ல போல்ட் போட்டு எர்த்னு சொல்லிக்கிறோம், பெயிண்ட் கரண்ட் கடத்தாது.

பழைய பிரிட்டிஷ் வண்டியில நிறையது பாசிட்டிவ் எர்த். எல்இடி பல்பு போடறவங்க அதை முதல்ல பார்த்துக்கங்க.

22 ஜனவரி

டேங்க் துருவுக்கு எலக்ட்ரோலிசிஸ் பண்றேன்னு ஒருத்தர் படம் போட்டிருக்கார், உள்ள தொங்கவிட்டிருக்கிறது பளபளன்னு ஸ்டீல் கரண்டி. எடுங்க அதை, உடனே. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலை பாசிட்டிவ்ல போட்டா அதுல இருக்கிற குரோமியம் தண்ணியில கரைஞ்சு விஷமாகும். சாதா இரும்புக் கம்பி போதும். பேட்டரி சார்ஜர்ல டேங்க் நெகட்டிவ், கம்பி பாசிட்டிவ், ரெண்டும் தொடக்கூடாது, தண்ணியில சலவை சோடா நாலஞ்சு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. கிளம்பற வாயு ஹைட்ரஜன், அதனால திறந்த வெளியில. டேங்க்ல பெட்ரோல் வாடை சுத்தமா போற வரைக்கும் கழுவாம சார்ஜரைக் கிட்டயே கொண்டு போகாதீங்க. முடிஞ்சதும் கழுவி சட்டுனு காய வச்சு ஆயில் கலந்த பெட்ரோலை உள்ள சுழட்டி விடுங்க, இல்லன்னா பத்து நிமிஷத்துல ஆரஞ்சு கலர்ல புதுத் துரு எட்டிப்பார்க்கும்.

உள்பூச்சு அடிக்கலாமான்னா, எத்தனால் கலந்த பெட்ரோல் தான் கிடைக்கும்னா அதைத் தாங்கும்னு எழுதியிருக்கிற பூச்சு மட்டும். மத்தது உரிஞ்சு தோல் தோலா வந்து பெட்ரோல் டேப்பை அடைக்கும். ரெண்டு ஸ்ட்ரோக்காரங்களுக்கு இன்னொரு விஷயம்: எத்தனால் ஈரம் இழுக்கும், அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பிரிஞ்சு டேங்க் அடியில உட்காரும், ஆயில் மேல பெட்ரோலோட நின்னுடும். டேப் உறிஞ்சறது அடியில இருந்து. ஆயிலே இல்லாத கலவையில எஞ்சின் ஓடும். மாசக்கணக்குல நிறுத்தப் போறீங்கன்னா வடிச்சிடுங்க.

இங்க தான் கார்ப் பத்தி நான் அடிச்ச பேச்சைக் கொஞ்சம் இறக்கிக்கிறேன். பெட்ரோலோட மாசக்கணக்கா நின்ன வண்டி, சோக் போட்டா மட்டும் ஓடும், ஸ்லோ நிக்காதுன்னா அது கார்ப் தான், ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடற பைலட் ஜெட். அந்த ஓட்டை ரொம்பச் சின்னது, வார்னிஷ் மாதிரி படிஞ்சு மூடிடும். கம்பி விட்டுக் குத்தாதீங்க, பித்தளை ஓட்டை பெருசாயிடும், பிரஷ்ல இருந்து ஒரு நைலான் முடி போதும். நான் சண்டை போடறது கார்ப் குத்தமே பண்ணாதுன்னு இல்ல, இக்னிஷன் சரியாகாம கார்பைத் தொடறதுக்குத் தான். டைமிங் தப்பா இருக்கிற வண்டிக்கு ஸ்க்ரூ திருப்பி ட்யூனிங் பண்ணினா அந்தத் தப்புக்கு ஏத்த மாதிரி ட்யூன் ஆகும், அப்புறம் டைமிங்கைச் சரி பண்ணினா வண்டி இன்னும் மோசமா ஓடும், "முன்னாடியே பரவாயில்ல"ம்பீங்க.

24 ஜனவரி

பெயிண்ட் அடிக்கலாமா பழைய பெயிண்டை அப்படியே விடலாமான்னு மத்தவங்க போடற சண்டையில நான் இல்ல. பிரேக் டிரம்மைத் திறக்கிறவங்க மட்டும் கேளுங்க: பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், ஏர் அடிச்சு ஊதாதீங்க, ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணியைப் பையில கட்டிப் போட்டுடுங்க.

30 ஜனவரி

தம்பியோட ரிப்போர்ட். முள் 280ல இருந்து அரை நிமிஷத்துல பாதிக்கு இறங்கிடுச்சு, மேக்னெட் பக்க சீலைச் சுத்தி நுரை. வருஷக்கணக்கா ஒரே இடத்துல நின்னதுல ரப்பர் உதடு கல்லு மாதிரி இறுகியிருக்கும்.

அந்த சீல் உங்க வண்டியில வெளியில இருந்தே மாத்தலாமா, கேஸைப் பிரிக்கணுமான்னு பார்ட்ஸ் படத்துல பாருங்க, வண்டிக்கு வண்டி மாறும். வெளியில இருந்துன்னா பழைய சீல்ல சின்ன ஓட்டை போட்டு ஸ்க்ரூ முறுக்கி இழுங்க, ட்ரில் பேரிங்கைத் தொடாம பார்த்துக்கங்க. சீல் உட்காருற கிராங்க் பாகத்தை நகத்தால வருடிப் பாருங்க, நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தா புது சீலும் கசியும், அப்போ ஒரு மிமீ உள்ளயோ வெளியவோ தள்ளி உட்கார வைக்கணும். ஸ்பிரிங் இருக்கிற பக்கம் கிராங்க் கேஸைப் பார்த்து. சாவி போடற பள்ளத்து மேல மெல்லிசா டேப் சுத்திட்டு உதட்டுல ஆயில் தடவித் தள்ளுங்க, இல்லன்னா அந்தக் கூர் முனை புது உதட்டைக் கிழிச்சிடும். போட்டுட்டு மறுபடி பிபி மெஷின், மேக்னெட்டை மாட்டறதுக்கு முன்னாடி.

6 பிப்ரவரி

ரேஸ் டக்குனு இறங்குதாம், நாப்பது கிலோமீட்டர் ஒரே ஓட்டம், நிக்கல. கார்ப் ஸ்க்ரூ மட்டும் இப்போ முக்கால் சுத்து திருப்ப வேண்டியிருந்துச்சாம். இருக்கும், இத்தனை நாள் அது அந்தத் திருட்டுக் காத்துக்கு ஈடு கட்டிக்கிட்டு இருந்துச்சு.

கிளட்ச் பக்க சீலை நீங்க மாத்தல, அதுக்கும் அதே வயசு. வாரத்துக்கு ஒரு தடவை கியர் ஆயில் அளவைப் பாருங்க. குறைஞ்சு, சைலன்சர்ல வெள்ளைப் புகை அதிகமானா கிராங்க் அதை உறிஞ்சுது. குறையாம இருந்தாலும் மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை வந்தா கலவை அந்தப் பக்கம் தள்ளப்படுது. ரெண்டுல எது வந்தாலும் அதே சைஸ் சீலா, வேறயான்னு இப்பவே பார்த்து ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க.